தையல் மெஷினுக்கு ஃபுட் வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மா தைத்துக்கொண்டிருந்த கறுப்புத் தையல் மெஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. புதிதாக, ஊசி இடம்வலமாகவும் போகிற ஜிக்ஜாக் மெஷின் ஒன்றும் வாங்கியிருக்கிறீர்கள். பிளவுஸ், சுடிதார், மகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கிறீர்கள். ஆன்லைனில் 42 ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அமுக்கிப் பிடிக்கிற கால்) அடங்கிய பெட்டி ஒன்று மலிவாக வருகிறது. அதை வாங்கலாமா, தனித்தனியாக வாங்குவதா, எதெது வேண்டும், ஒரே ஃபுட் இரண்டு மெஷினுக்கும் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டி வேண்டாம். இப்போதைக்கு மூன்று போதும்: இரும்பில் ஒரு ஹாஃப் ஃபுட், ஒரு இன்விசிபிள் ஜிப் ஃபுட், சுடிதார் ஷாலுக்கு ஓரம் சுருட்டி அடிக்கிற ரோல்டு ஹெம் ஃபுட். மற்றவற்றில் பாதி உங்கள் புது மெஷினோடு வந்த டப்பாவிலேயே இருக்கும். மீதியை அந்தந்த வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இருபது வருஷமாகத் தைக்கிறேன், அதில் பாதிக் காலம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்கள் பலர். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், பெட்டியிலிருந்து இரண்டோ மூன்றோதான் வெளியே வந்திருக்கும்.

முதலில், ஃபுட் என்ன வேலை செய்கிறது என்பது மனதில் பதிய வேண்டும். ஊசி துணிக்குள் இறங்கி மேலே ஏறும்போது துணியையும் கூடவே தூக்கப் பார்க்கும். துணி ஊசியோடு எழும்பிவிட்டால் கீழே நூல் வளையம் சரியாக விழாது. கீழே அடிநூலைக் கோக்கிற ஷட்டிலின் முனைக்கு அந்த வளையம் அகப்படாது. தையல் விட்டுவிட்டு விழும். அதனால்தான் ஊசியைச் சுற்றித் துணியை அமுக்கிப் பிடிக்க ஒரு கால் வேண்டியிருக்கிறது. இரண்டாவது வேலை, துணியைக் கீழே உள்ள பற்களோடு சேர்த்து அழுத்துவது. அந்தப் பற்கள் மேலே ஏறி, துணியைப் பின்னால் தள்ளி, கீழே இறங்கி, மறுபடி முன்னால் வருகின்றன. ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர் 1854-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. அம்மாவின் கறுப்பு மெஷினிலும் சரி, உங்கள் புது மெஷினிலும் சரி, இன்றைக்கும் அதே நான்கு அசைவுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பல் நகர்கிறது, ஃபுட் நகர்வதில்லை. அடித்துணியைப் பல் இழுத்துக்கொண்டு போகிறது, மேல்துணி ஃபுட்டின் அடியில் உரசிக்கொண்டு பின்தங்குகிறது. சுடிதார் பேன்ட்டின் நீளத் தையலை அடித்து முடித்துப் பார்த்தால் மேல்துணி அரை விரல் நீட்டிக்கொண்டு நிற்குமே, வெட்டியதில் தப்போ என்று தோன்றுமே, அது வெட்டின தப்பு இல்லை. இந்த உரசல்தான். ஆகவே ஃபுட்டின் குணம் முழுக்க அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பத்து ஃபுட்டும் ஒன்று போலவே தெரியும். திருப்பினால்தான் எது எதற்கு என்று புரியும். பள்ளம் இருக்கிறதா, சமதளமா, எங்கே ஓட்டை, ஓட்டை எவ்வளவு அகலம். இந்த நாலையும் பார்க்கப் பழகிவிட்டால் பெயர் தெரியாத ஃபுட்டைக் கூட இன்னதுக்கு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

சரி, பொருத்தம் பற்றி. ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுட்டைக் கீழே இறக்கி, ஊசி இறங்குகிற இரும்பு பிளேட்டிலிருந்து ஃபுட்டை இறுக்குகிற திருகின் நடு வரைக்கும் அளந்து பாருங்கள். அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் லோ ஷாங்க், அதாவது ஃபுட் மாட்டுகிற இடம் தாழ்வாக உள்ள வகை. ஒரு அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் ஹை ஷாங்க். நம் வீடுகளில் இருக்கிற கறுப்பு மெஷின்களும், கடையில் விற்கிற சாதாரண வீட்டு ஜிக்ஜாக் மெஷின்களும் பெரும்பாலும் லோ ஷாங்க்தான். கார்மென்ட்ஸில் ஓடுகிற பவர் மெஷின் ஹை ஷாங்க். தையல் சாமான் கடையில் வெறுமனே ‘ஜிப் ஃபுட் கொடுங்க’ என்று கேட்டால் பவர் மெஷினுடையதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களிடம் அதிகம் விற்பது அதுதான். அதை மாட்டினால் திருகு பிடிக்கும், ஆனால் ஃபுட் பிளேட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும், தூக்கவே இடம் இருக்காது. ‘வீட்டு மெஷினுக்கு’ என்று சொல்லிக் கேளுங்கள். அதைவிட நல்லது, மெஷினில் இப்போது மாட்டியிருக்கிற ஃபுட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவது.

இரண்டு மெஷினும் லோ ஷாங்க் என்றால் ஒரே ஃபுட்டை இரண்டுக்கும் போடலாமா? பாதி ஆம். புது மெஷினில் ஒரு சின்ன ஹோல்டர் திருகில் இறுகியிருக்கும். அதன் அடியில் ஒரு பள்ளம். ஃபுட்டின் குறுக்கே ஓடுகிற ஊசி போன்ற கம்பி அந்தப் பள்ளத்தில் ‘டக்’ என்று விழுந்து மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் உள்ள சின்ன லிவரை அழுத்தினால் கழன்று விழும். ஸ்நாப் ஆன் என்பது இதைத்தான். கறுப்பு மெஷினில் இந்த ஹோல்டர் கிடையாது, ஃபுட்டே நேராகத் திருகில் ஏறும். அந்தத் திருகு வகை ஃபுட்டை, புது மெஷினின் ஹோல்டரைக் கழற்றிவிட்டு அதிலும் மாட்டலாம். நேர்த்தையலுக்குப் பிரச்சினை இல்லை.

மறுபக்கம் அவ்வளவு சுலபம் இல்லை. ஹோல்டர் வாங்கிக் கறுப்பு மெஷினில் மாட்டி அதில் ஸ்நாப் ஆன் ஃபுட்டைப் போடுகிறார்கள். மாட்டும், தைக்கவும் தைக்கும். ஆனால் கறுப்பு மெஷினில் பற்கள் ஊசியை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. ஜிக்ஜாக் ஃபுட்டின் நடுவிலோ அகலமான திறப்பு. அந்தத் திறப்பு சரியாகப் பற்களுக்கு மேலே வந்துவிட்டால் துணியை அழுத்த அங்கே இரும்பே இருக்காது. மெல்லிய துணி நகராமல் நின்ற இடத்திலேயே தையல் குவியும். அம்மாவின் மெஷினில் அதற்கென்றே வந்த, இரண்டு ஒல்லி விரல் மாதிரி இருக்கிற அந்தப் பழைய ஃபுட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேர்த்தையலுக்கு அதைவிட நல்லது ஒன்று உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்தது அகலம். ஜிக்ஜாக் மெஷின்களில் ஊசி இடம்வலமாக எவ்வளவு தூரம் போகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். 5 மி.மீ., 7 மி.மீ., பெரிய மெஷின்களில் 9 மி.மீ. ஃபுட்டின் ஓட்டை அந்த அகலத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். 5 மி.மீ. ஓட்டையுள்ள ஃபுட்டைப் போட்டு 7 மி.மீ. ஜிக்ஜாக் ஓட்டினால் ஊசி இரும்பில்தான் குத்தும். 9 மி.மீ. மெஷின்களுக்கு வேறு ஃபுட், பல சமயம் ஹோல்டரே வேறு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் நானும் அப்படி ஒரு பெட்டி வாங்கியவள். அதில் ஒற்றை ஓட்டையுள்ள நேர்த்தையல் ஃபுட் ஒன்று இருந்தது. பருத்தித் துணியில் அது அடித்த தையலின் அழகைப் பார்த்து அதையே மாட்டி வைத்திருந்தேன். ஒருநாள் சீம் (இரண்டு துணி சேரும் தையல்) ஓரத்தை அடிக்க ஜிக்ஜாக்குக்குத் திருப்பினேன், ஃபுட்டை மாற்ற மறந்துவிட்டேன். மிதித்த வேகத்தில் ஊசி முனை உடைந்து கண்ணாடியில் வந்து அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அன்றிலிருந்து என் மேஜையில் ஒரு பழக்கம்: ஃபுட் மாற்றினாலோ தையல் வகை மாற்றினாலோ முதலில் சக்கரத்தைக் கையால் என் பக்கமாக ஒரு முழுச் சுற்று திருப்புவேன். ஊசி இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் எதிலும் தட்டாமல் போய் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிதியில் கால் வைப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மூன்று விநாடி வேலை.

ஆங்கில எழுத்தை மட்டும் நம்பியும் வாங்காதீர்கள். ஃபுட்டின் மேல் ஏ, ஜே, ஜி என்று பொறித்திருக்கும். அது அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கு. உஷா ஜனோம் மெஷினில் ஏ என்றால் ஜிக்ஜாக் ஃபுட். பிரதர் கம்பெனி மெஷினில் ஏ என்றால் காஜா ஃபுட், அங்கே ஜிக்ஜாக் ஃபுட்டுக்கு ஜே. உஷா ஜனோமில் ஜி பிளைண்ட் ஹெம்முக்கு (வெளியே தையல் தெரியாத ஓர மடிப்பு), பிரதரில் ஜி ஓரம் அடிப்பதற்கு. ஒருவர் வீடியோவில் ‘ஜி ஃபுட் போடுங்கள்’ என்று சொன்னால் அவருடைய மெஷின் எது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பிளவுஸ் தைக்கிறவருக்கு முதல் ஃபுட் ஹாஃப் ஃபுட். ஒரு பக்கம் மட்டும் விரல் உள்ளது, சிங்கிள் ஃபுட் என்றும் சொல்வார்கள். திருகில் மாட்டுகிற லோ ஷாங்க் வகையில், பின்னால் சின்னத் திருகைத் தளர்த்தி ஊசிக்கு இடமாகவோ வலமாகவோ நகர்த்திக்கொள்கிற மாதிரி வருவதை வாங்குங்கள். அது உங்கள் இரண்டு மெஷினுக்கும் சேரும். அதை மாட்டியிருக்கும் வரை நேர்த்தையல் மட்டும்.

கழுத்துக்கு பைப்பிங் (உள்ளே கயிறு வைத்து மடித்த ஓரப்பட்டி) வைப்பதில்தான் இதன் அருமை தெரியும். சாதா ஃபுட்டில் பைப்பிங் அடித்துப் பாருங்கள்: ஒரு விரல் கயிற்றின் மேலே ஏறி நிற்கும், இன்னொன்று துணியின் மேல் இருக்கும், ஃபுட் சாய்ந்துவிடும், கயிறு உள்ளே நழுவும். கழுத்து வளைவில் பைப்பிங் ஓரிடத்தில் தடியாகவும் ஓரிடத்தில் சப்பையாகவும் தெரிவது அதனால்தான். ஹாஃப் ஃபுட்டில் அந்த இன்னொரு விரலே இல்லை. கயிறு ஃபுட்டுக்கு வெளியே ஓடுகிறது, ஊசி கயிற்றை ஒட்டி இறங்குகிறது.

நான் செய்கிற முறை இது. கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டி, ஒன்றேகால் அங்குல அகலம். உள்ளே கயிறு வைத்து மடித்து முதல் தையல். இந்தத் தையலைக் கயிற்றோடு முழுக்க ஒட்டி அடிக்காதீர்கள், ஒரு நூல் அளவு தள்ளி அடியுங்கள். அப்புறம் பிளவுஸ் கழுத்தில் வைத்து லைனிங்கோடு சேர்த்து அடிக்கும்போது, ஃபுட்டை அந்த ஒரு நூல் உள்ளே தள்ளி வைத்துக் கயிற்றை உரசிக்கொண்டு அடியுங்கள். முதல் தையல் சீமுக்குள் மறைந்துவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் அடித்தால், துணியைத் திருப்பியதும் முதல் தையலின் நூல் வெளியே பல்லைக் காட்டும். கழுத்தின் குறுகிய வளைவில் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்து, ஃபுட்டைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி இறக்குங்கள். இழுத்துத் திருப்பினால் பைப்பிங் முறுக்கிக்கொள்ளும்.

பைப்பிங் ஃபுட் என்றே தனியாக ஒன்று உண்டு. திருப்பிப் பார்த்தால் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும், கயிறு அதற்குள் ஓடும். ஒரே தடிமனில் கயிறு போட்டு நிறைய பிளவுஸ் தைக்கிறவர்களுக்கு அது நல்லது, கை ஓய்வாக இருக்கும். ஆனால் பள்ளத்தின் அளவும் கயிற்றின் அளவும் ஒத்துப்போக வேண்டும். பள்ளம் பெரிதாக இருந்தால் கயிறு உள்ளே ஆடும், தையல் தள்ளி விழும். கடைக்குப் போகும்போது நீங்கள் போடுகிற கயிற்றில் ஒரு துண்டு எடுத்துப் போய், பள்ளத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்விசிபிள் ஜிப் ஃபுட்டைத் திருப்பினால் அருகருகே இரண்டு பள்ளம். இந்த ஜிப்பின் பற்கள் சுருள் மாதிரி பின்பக்கம் மடங்கியிருக்கும். ஃபுட்டின் பள்ளம் அந்தச் சுருளை நிமிர்த்திப் பிடிக்கிறது, ஊசி சுருளின் வேரிலேயே இறங்குகிறது. ஹாஃப் ஃபுட்டிலும் இந்த ஜிப்பைத் தைக்கலாம், நானும் பல வருஷம் அப்படித்தான் தைத்தேன். ஆனால் எங்காவது ஓரிடத்தில் தையல் சுருளில் ஏறிவிடும், அங்கே ஜிப் சிக்கும். எங்காவது தள்ளிப்போகும், அங்கே ஜிப்பின் டேப் வெளியே தெரியும். இதற்கான ஃபுட்டில் அந்தக் கவலை போய்விட்டது. தைப்பதற்கு முன் ஜிப்பை முழுக்கத் திறந்து, சுருளை விரலால் நிமிர்த்தி, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து லேசாகத் தேய்த்துவிடுங்கள். நைலான் என்பதால் சூடு அதிகம் போனால் உருகிவிடும். கீழே ஸ்லைடர் வந்து இடிக்கிற இடம் வரைதான் இந்த ஃபுட் போகும். அங்கே நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே உள்ள சீம் பகுதியை ஹாஃப் ஃபுட்டால் சேர்த்துவிடுங்கள். இந்த ஃபுட் பிளாஸ்டிக்கிலும் வருகிறது, இரும்பிலும் வருகிறது. இரும்பையே வாங்குங்கள். பெட்டியில் எனக்கு வந்த பிளாஸ்டிக் ஃபுட், குறுக்குக் கம்பி இருக்கும் இடத்தில் விரிந்து உடைந்தது.

ரோல்டு ஹெம் ஃபுட், ஷால் ஓரத்துக்கு. முன்பக்கம் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கும், துணியின் ஓரம் அதில் நுழைந்து இரண்டு மடிப்பாகச் சுருண்டு ஊசிக்கு வரும். 2, 4, 6 மி.மீ. அளவுகளில் கிடைக்கும். ஷிஃபான், ஜார்ஜெட்டுக்கு 2. பருத்திக்கு 4 அல்லது 6. வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு தடவை முயன்று விட்டுவிடுகிற ஃபுட் இது, ஏனென்றால் தொடக்கம்தான் கஷ்டம். முதல் ஒரு அங்குலத்தைக் கையாலேயே இரண்டு மடிப்பு மடித்துத் தேய்த்துவிடுங்கள். ஃபுட்டின் கீழ் வைத்து நாலு தையல் போட்டு, ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, ஊசிக்கு முன்னால் இருக்கும் ஓரத்தைச் சுருளுக்குள் நுழையுங்கள். நுழையவில்லை என்றால் தையலின் ஆரம்ப நூலைப் பின்னால் பிடித்துக்கொண்டு துணியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் உள்ளே போய்விடும். பிறகு முழு வித்தையும் வலது கையில் இருக்கிறது: எவ்வளவு துணி சுருளுக்குள் போகிறது என்பதை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். அதிகம் போனால் கட்டியாகும், குறைந்தால் பிசிறு வெளியே நிற்கும். சீம் குறுக்கிடும் இடத்தில் உள்துணியை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சுருளில் அடைத்துக்கொள்ளும். பழைய ஷால் ஒன்றில் ஒரு மணி நேரம் பழகுங்கள். வந்துவிடும்.

உங்கள் டப்பாவிலேயே இருப்பவை பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஜிக்ஜாக் ஃபுட்டில் ஒரு சின்னக் கறுப்புப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஜீன்ஸ் கால் மடிப்பு அடிக்கும்போது, தடிமனான சீமில் ஏறுகிற இடத்தில் ஃபுட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், பல்லுக்குப் பிடி கிடைக்காமல் துணி அங்கேயே நின்றுவிடும். அப்போது ஃபுட்டை மட்டமாகப் பிடித்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே இறக்குங்கள். ஃபுட் மட்டமாகவே பூட்டிக்கொள்ளும், துணியின் மேல் முழுக்க ஏறியதும் தானாக விடுபடும். பொத்தான் இல்லாத மெஷினில் என்ன செய்வது? அதே தடிமனுக்குத் துணித்துண்டு ஒன்றை மடித்து ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் வைத்தால் அதே வேலை நடக்கும். கறுப்பு மெஷினில் நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

சாட்டின் ஃபுட் என்று ஒன்று இருக்கும். திருப்பினால் அடியில் அகலமாகப் பள்ளம். நெருக்கமான ஜிக்ஜாக்கும் டிசைன் தையல்களும் துணியின் மேல் புடைத்து நிற்கும். அடி சமதளமான ஃபுட் என்றால் அந்தப் புடைப்பில் இடித்து நின்றுவிடும், டிசைன் ஒரே இடத்தில் குவிந்து கறுத்த பொட்டு மாதிரி ஆகும். டிசைன் தையல் சரியாக வரவில்லை, மெஷின் கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் பலருக்கு இந்த ஃபுட்டை மாட்டியதோடு பிரச்சினை தீர்ந்திருக்கிறது. அதேபோல, துணி ஓரம் பிசிறாமல் அடிக்கிற ஓவர்காஸ்டிங் ஃபுட்டில் நடுவே ஒரு கம்பி இருக்கும். ஊசி அந்தக் கம்பியைத் தாண்டி விழுவதால் துணி ஓரம் உள்ளே சுருண்டுகொள்ளாது. இதற்குத் தையல் அகலம் முக்கியம். மெஷின் புத்தகத்தில் சொன்ன அகலத்தைவிடக் குறைத்தால் ஊசி கம்பியின் மேலேயே இறங்கும்.

காஜா ஃபுட்டை மட்டும் வெளியே வாங்கவே வாங்காதீர்கள். ஒரே அடியில் காஜா போடுகிற மெஷின்களில், மேலிருந்து இறக்குகிற லிவர் அந்த ஃபுட்டின் இரண்டு முனைகளில் இடித்துத்தான் காஜாவின் நீளத்தை அறிகிறது. முனைகளின் இடைவெளி கொஞ்சம் மாறினாலும் மெஷின் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். உங்கள் மெஷினுக்கென்று வந்ததையே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுப்பாவாடைக்கு ரஃப்ளர் ஃபுட் வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரஃப்ளர் என்பது ஊசித் திருகில் ஒரு கவட்டைக் கையை மாட்டிக்கொண்டு, ஊசி ஏறி இறங்கும்போது துணியை மடித்து மடித்துத் தள்ளுகிற கருவி. அதில் 1, 6, 12 என்று எண்கள் இருக்கும். 1-இல் வைத்தால் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மடிப்பு, 6-இல் ஆறு தையலுக்கு ஒன்று, 12-இல் பன்னிரண்டுக்கு ஒன்று. காட்டன் ஃப்ராக், திரைச்சீலை, தலையணை உறை ஃபிரில் என்று மீட்டர் கணக்கில் சுருக்கம் வைக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. பட்டுக்கு வேண்டாம். அதன் பல்தகடு பட்டுத் துணியை இழுக்கும், ஜரிகையில் மாட்டும். பட்டுப்பாவாடைக்குக் கொசுவத்தைக் கையால் மடித்து, குண்டூசி குத்தி, பட்டியில் வைத்து அடிப்பதுதான் சரி. அடிக்கும்போது ஜரிகைக்கும் பற்களுக்கும் நடுவே மெல்லிய டிஷ்யூ பேப்பர் வையுங்கள், தைத்ததும் கிழித்துவிடலாம். கேதரிங் ஃபுட் என்று சின்னதாக ஒன்றும் உண்டு. அது மெல்லிய துணியில் மட்டும் சுருக்கம் கொடுக்கும். சுருக்கத்தின் அளவு தையல் நீளத்தையும் டென்ஷனையும் (நூலின் இறுக்கம்) பொறுத்தது என்பதால், ஒவ்வொரு துணிக்கும் துண்டில் அடித்து அளந்து பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

மேல்துணி பின்தங்குகிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு மருந்து வாக்கிங் ஃபுட். இதற்கும் ஊசித் திருகில் மாட்டுகிற கவட்டைக் கை உண்டு. ஃபுட்டுக்குள்ளேயே இன்னொரு ஜோடிப் பல் இருந்து மேல்துணியையும் கீழ்ப்பற்களோடு சேர்த்து நகர்த்தும். ரஜாய், பஞ்சு வைத்த மெத்தை விரிப்பு, வெல்வெட், கோடும் கோடும் சேர வேண்டிய துணி என்றால் வாங்குங்கள். பின்தையல் போடாதீர்கள், இது முன்னோக்கி மட்டும் நடக்கிற ஃபுட். பிளவுஸுக்கும் லைனிங்குக்கும் இது தேவையில்லை. அடித்துணியைக் கொஞ்சம் பிடித்து, மேல்துணியை லேசாகத் தள்ளிக்கொடுத்து, நாலு விரலுக்கு ஒரு குண்டூசி குத்தினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. பல சமயம் குற்றம் ஃபுட்டில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது. கறுப்பு மெஷினின் தலையில், ஃபுட் கம்பிக்கு மேலே ஒரு திருகு நிற்கும். அதை இறக்கினால் அழுத்தம் கூடும், ஏற்றினால் குறையும். ஷிஃபான் சுருங்குகிறதென்றால் புது ஃபுட் வாங்கும் முன் அதை இரண்டு சுற்று தளர்த்திப் பாருங்கள். சில புது மெஷின்களில் இதற்கு எண் போட்ட டயல் இருக்கும், சிலவற்றில் இந்த வசதியே இருக்காது.

ரெக்சின் பை, மழைக்கோட்டு தைக்க ஆசைப்பட்டால் டெஃப்லான் ஃபுட் வாங்கிக்கொள்ளுங்கள், வெள்ளையாக வழவழவென்று இருக்கும். இரும்பு ஃபுட் ரெக்சினில் ஒட்டிக்கொண்டு நகராது. ஒரே ஒரு பை தைப்பதற்கென்றால் வாங்க வேண்டாம். ஃபுட்டின் அடியில் காகிதத் துண்டு வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

ரிங் மாட்டி மெஷின் எம்பிராய்டரி போடுகிறவர்கள் ஃபுட்டையே கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். நீங்கள் பழகும் வரை, ஊசியைச் சுற்றி வளையம் மாதிரி நிற்கிற டார்னிங் ஃபுட் போட்டே ஓட்டுங்கள், விரல் ஊசிக்கடியில் போகாமல் அது காக்கும். கழற்றி ஓட்டினாலும் ஃபுட் லிவரைக் கீழே இறக்க மறக்கக் கூடாது. லிவர் மேலே இருந்தால் டென்ஷன் தட்டுகள் திறந்தே இருக்கும், மேல்நூலுக்கு இறுக்கமே இருக்காது, அடியில் நூல் கூடு கட்டிவிடும். ஃபுட் இல்லையே, எதை இறக்குவது என்று விட்டுவிடுகிறார்கள்.

கடையில் ஃபுட்டைக் கையில் வாங்கியதும் திருப்பி, அடியில் விரல் நுனியை ஓட்டுங்கள். எங்காவது சொரசொரப்பாக இருந்தால் வேறு கேளுங்கள். பட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் அதன் மேல் இழுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது, இழை மாட்டினால் உடனே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து மாட்டியபின் திருகைக் கையால் மட்டும் இறுக்காமல் ஸ்க்ரூடிரைவரால் ஒரு முறை இறுக்குங்கள். ஓடுகிற அதிர்வில் திருகு தளர்ந்து, ஃபுட் ஒரு பக்கம் சரிந்து, ஊசி அதில் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். துணி இல்லாமல் ஃபுட்டை இறக்கி மெஷினை ஓட்டாதீர்கள், பற்கள் உரசி அடிப்பக்கத்தில் கோடு விழும், அந்தக் கோடு அப்புறம் பட்டில் வந்து இழுக்கும். வேலை முடிந்ததும் ஒரு துண்டுத் துணியை அடியில் வைத்து ஃபுட்டை அதன் மேல் இறக்கிவிட்டு மெஷினை மூடுங்கள்.

ஹாஃப் ஃபுட்டை முதலில் வாங்குங்கள். இரண்டு பிளவுஸ் பைப்பிங் வைத்துத் தைத்துப் பார்த்தபிறகு மற்ற இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம். பைப்பிங்கில் எங்காவது சிக்கினால், கழுத்துப் பக்கத்தையும் உள்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், தையல் எங்கே தள்ளியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.